கொழும்பு வெக்கையில் திரவ ஈஸ்ட் வளர்த்து வீட்டிலேயே இஞ்சிப் பியர் தயாரிக்க ஒரு வழிகாட்டி

ஒரு சித்திரை மாதத்தில், வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் மாடிவீட்டுச் சமையலறையில், இரவு இரண்டு மணியளவில் ஒரு கண்ணாடிப் போத்தல் வெடித்தது. காலையில் பார்த்தபோது அதன் கழுத்துப் பகுதி அரிசி டப்பாவின் பின்னால் கிடந்தது. சிறிய சில்லு ஒன்று மரக் கதவில் குத்தி நின்றது. அந்த நேரத்தில் யாராவது தண்ணீர் குடிக்க எழுந்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். நான் பின்பற்றியது குளிர்நாட்டவர் ஒருவர் எழுதிய செய்முறை. போத்தலில் அடைத்து மூன்று நாள் வெளியே வைக்கும்படி அதில் இருந்தது. அது இருபது பாகைக்கு எழுதப்பட்டது என்பதும், முப்பது பாகையில் இரவும் பகலும் இருக்கும் நம் வீடுகளுக்குப் பொருந்தாது என்பதும் எனக்கு அப்போது தெரியாது. பின்னர் ஏழெட்டுத் தடவை செய்து, கெடுத்து, குறித்துவைத்துக் கற்றுக்கொண்டவற்றைப் புதிதாகத் தொடங்குவோருக்காக இங்கே எழுதுகிறேன்.

1. தொடங்குமுன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. உரிமம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது அதன்கீழ் குற்றம். வீட்டுத் தேவைக்குத்தான் என்று சொல்லித் தப்ப முடியாது. பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ள உறவினர்கள் தங்கள் வீட்டுக்காக வாற்கோதுமைப் பியர் வடிப்பதைப் பார்த்துவிட்டு அதையே இங்கே செய்ய முற்படாதீர்கள். இங்கே நான் சொல்லித் தருவது இஞ்சி, சீனி, தேசிக்காய் ஆகியவற்றால் ஆன, நுரைக்கும் குளிர்பானம். ஆனாலும் ஈஸ்ட் வேலை செய்யும் இடத்தில் சிறிதளவு அற்ககோல் உண்டாகியே தீரும். அதைக் குறைவாகவே வைத்திருப்பதற்கான வழியை ஆறாவது படியில் விரிவாகச் சொல்கிறேன். அந்தப் படியைத் தாண்டிச் செல்லாதீர்கள்.

விற்கும் எண்ணம் இருந்தால் முதற் போத்தலை விற்குமுன்பே மதுவரித் திணைக்களத்திடமும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். விற்கப்படும் எந்த உணவும் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்குள் வரும்.

வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் திரவ ஈஸ்ட் பொதி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லலாமே என்று பலர் கேட்கிறார்கள். அது உயிருள்ள நுண்ணுயிர். கட்டுநாயக்காவிலுள்ள தாவரத் தொற்றுநீக்கச் சேவையிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கொண்டுவருவதே முறை. இந்தப் பானத்துக்கோ அது தேவையே இல்லை. இஞ்சித் தோலிலேயே ஈஸ்ட் இருக்கிறது.

2. பொருட்களும் செலவும்

ஒரு தடவை மட்டும் வாங்க வேண்டியவை: ஒரு லீட்டர் கொள்ளும் அகன்ற வாய்க் கண்ணாடிச் சாடி, கிராம் காட்டும் இலத்திரனியல் தராசு, சமையல் வெப்பமானி. மூன்றுக்கும் சேர்த்து எனக்கு ஏறத்தாழ 3,500 ரூபாய் செலவானது. பணம் போதவில்லை என்றால் வெப்பமானியை விட்டுவிடலாம், ஆனால் தராசை விடாதீர்கள். சீனியைக் கைக்கணக்கில் போடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பது பின்னர் புரியும்.

போத்தல்களுக்கு நான் பணம் கொடுப்பதில்லை. சோடாவும் குளிர்பானமும் வந்த 500 மில்லிலீட்டர் பிளாஸ்டிக் போத்தல்களைக் கழுவி எடுத்து வைக்கிறேன். குடிநீர்ப் போத்தலை எடுத்துவிடாதீர்கள். அது மெல்லியது; வாயு அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. அடியைத் திருப்பிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: சோடாப் போத்தலின் அடியில் பெரும்பாலும் ஐந்து கால்கள்போல் புடைப்புகள் இருக்கும். கண்ணாடிப் போத்தலை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். அழகுக்காக அதில் அடைக்கும்படி சொல்லும் செய்முறைகள் ஏராளம். ஆனால் கண்ணாடி முன்னறிவிப்பின்றி வெடிக்கும். பிளாஸ்டிக் வெடிப்பதற்கு வெகுமுன்பே விறைத்துக் காட்டிவிடும்.

நான்கு லீட்டருக்கு இஞ்சி, சீனி, தேசிக்காய், எரிவாயு எல்லாம் சேர்த்துக் கடைசித் தடவை எனக்கு ஏறத்தாழ 750 ரூபாய் ஆனது. அதில் பாதிக்கு மேல் இஞ்சிக்குத்தான். இஞ்சி விலை ஓர் ஆண்டுக்குள்ளேயே மடங்கு கணக்கில் ஏறி இறங்கும் என்பதால், விலை இறங்கும் காலம் பார்த்துத் தொடங்குவது நல்லது.

3. எந்த இஞ்சி?

முதலில் நான் வாங்கியது பளபளவென்று கழுவிய, பருத்த, இறக்குமதி இஞ்சி. ஐந்து நாள் சீனி போட்டுக் காத்திருந்தேன். ஒரு குமிழிகூட எழவில்லை. நமக்கு வேண்டிய ஈஸ்ட் இஞ்சியின் தோலில்தான் வாழ்கிறது. நன்றாகக் கழுவப்பட்டு, கதிர்வீச்சோ வேறு பதப்படுத்தலோ கண்டு வந்த இஞ்சியில் அது எஞ்சியிருக்காது. சந்தையில் மண் ஒட்டியபடி கிடக்கும், சிறிய விரல்களைப் போன்ற, நார் நிறைந்த உள்ளூர் இஞ்சியைக் கேட்டு வாங்குங்கள். காரமும் மணமும் அதில்தான் அதிகம். மண் போகுமளவுக்கு மட்டும் கழுவுங்கள், தோலைச் சீவாதீர்கள்.

4. திரவ ஈஸ்ட் வளர்த்தல்: மூன்று முதல் ஐந்து நாட்கள்

பாடசாலையில் மதுவம் என்று நாம் படித்ததுதான் ஈஸ்ட். கடையில் பொடியாக விற்பது ஒரே இனத்தை வளர்த்து உலர்த்தியது. பாண் பொங்கப் பயன்படும், ஆனால் பானத்தில் மாவு வாடையை விட்டுவிடும். நாம் வளர்க்கும் திரவத்தில் பல வகைக் காட்டு ஈஸ்ட்களும், அவற்றோடு இலற்றிக் அமிலம் தரும் பற்றீரியாக்களும் சேர்ந்து வாழும். மெல்லிய புளிப்பும் ஆழமான சுவையும் அதிலிருந்தே வருகின்றன.

சாடியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி ஆறவிடுங்கள். குழாய்நீரில் கிருமி கொல்வதற்காகக் குளோரின் கலந்திருக்கும். அது நம் ஈஸ்டையும் தாக்கும் என்பதால் நீரைக் கொதிக்கவைத்து முழுமையாக ஆற்றிய பின்பே பயன்படுத்துங்கள். அரை லீட்டர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி தோலுடன் துருவிய இஞ்சியும் இரண்டு மேசைக்கரண்டி சீனியும் போட்டுக் கலக்கி, மெல்லிய துணியால் வாயைக் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். துணியை ரப்பர் வளையம் போட்டு இறுக்காவிட்டால் ஒரே நாளில் சிறு பழ ஈக்கள் உள்ளே போய்விடும். ஒவ்வொரு நாளும் ஒரு மேசைக்கரண்டி இஞ்சியும் ஒரு மேசைக்கரண்டி சீனியும் சேர்த்து, காலையிலும் மாலையிலும் சுத்தமான கரண்டியால் கலக்குங்கள். கலக்காமல் விட்டால் மேலே மிதக்கும் இஞ்சி காய்ந்து பூஞ்சணம் பிடிக்கும்.

குளிர்நாட்டில் ஒரு கிழமை எடுக்கும் இந்த வேலை இங்கே பெரும்பாலும் மூன்றாம் நாளிலேயே தெரிய வந்துவிடும். இஞ்சித் துருவல் அடியிலிருந்து மேலே எழும்பி ஒரு தட்டையாகத் திரளும். கரண்டியால் கிளறினால் அந்தத் தட்டுக்குக் கீழிருந்து நுண்ணிய குமிழிகள் சாடியின் சுவரோடு ஏறிவரும். காதை வாயருகே கொண்டுபோனால், தோசைக் கல்லில் நீர் தெளித்த ஓசையை மிகவும் தாழ்த்தி வைத்ததுபோல ஒரு சீறல் கேட்கும். நீர் கலங்கி வெளிர்மஞ்சளாகும். அடியில் வெண்மையான படிவு சேரும். அந்தப் படிவு அழுக்கன்று. பெருகி அடங்கிய ஈஸ்ட்தான் அது.

மணத்தைக் கவனியுங்கள். இஞ்சியும் பழுத்த பழமும் கலந்த மணம் சரியானது. நகப்பூச்சு நீக்கியின் வாடை வந்தால் வெக்கை கூடிவிட்டது, அல்லது சீனி போதவில்லை. சாடியைக் குளிர்ந்த இடத்துக்கு மாற்றிச் சீனி கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோல் ஏதாவது படர்ந்தாலும், அழுகல் வாடை வந்தாலும் முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். மேலே படிந்ததை மட்டும் அள்ளிவிட்டுத் தொடர்வது பாதுகாப்பானதன்று.

5. பரீட்சித்துப் பார்த்துவிட்டுச் சமையுங்கள்

குமிழி தெரிந்தவுடன் அவசரப்பட்டு நான்கு லீட்டர் காய்ச்சிவிடாதீர்கள். ஒரு சிறிய சோடாப் போத்தலில் முக்கால்வாசி ஆறிய நீரும் இரண்டு தேக்கரண்டி சீனியும் இரண்டு மேசைக்கரண்டி திரவ ஈஸ்டும் ஊற்றி இறுக மூடி வையுங்கள். எட்டு மணித்தியாலத்துக்குள் போத்தல் விறைக்கத் தொடங்கினால் ஈஸ்ட் தயார். இல்லையென்றால் இன்னும் ஒரு நாள் உணவு கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டு தடவை இந்தப் பரீட்சையைச் செய்யாமல் விட்டேன். இரண்டு தடவையும் கொட்டத்தான் நேர்ந்தது.

தயாரானதும் 200 கிராம் இஞ்சியைத் தோலுடன் இடித்து, இரண்டு லீட்டர் நீரில் பதினைந்து நிமிடம் கொதிக்கவையுங்கள். இறக்கி 320 கிராம் சீனியைக் கரைத்து, ஒன்றே முக்கால் லீட்டர் கொதித்தாறிய நீரை ஊற்றி, நான்கு தேசிக்காயின் சாற்றைப் பிழிந்துவிட்டு வடிகட்டுங்கள். இனி வருவதுதான் பலர் தவறுகின்ற இடம். கலவை 30 பாகை செல்சியசுக்கு இறங்கும்வரை ஈஸ்டை ஊற்றக் கூடாது. நாற்பதைத் தாண்டினாலே பெரும்பாலான ஈஸ்ட்கள் தளர்ந்துவிடும், ஐம்பதில் இறக்கும். பாத்திரத்தின் வெளிப்பக்கம் ஆறியிருந்தாலும் நடுவில் சூடு தங்கியிருக்கும் என்பதால் நன்றாகக் கலக்கிவிட்டு அளந்து பாருங்கள். வெப்பமானி இல்லாதவர்கள் சில துளிகளை மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பார்க்கலாம். குழந்தைக்குப் பால் கொடுக்குமுன் பார்ப்பதுபோலத்தான், சூடே தெரியக் கூடாது. கலவை ஆற இங்கே இரண்டு மூன்று மணித்தியாலம் எடுக்கும். பாத்திரத்தைக் குளிர்ந்த நீர்த் தொட்டியில் வைத்தால் அரை மணித்தியாலம் போதும்.

ஆறியதும் திரவ ஈஸ்டில் 250 மில்லிலீட்டரை வடித்து ஊற்றிக் கலக்குங்கள். சாடியை முன்கூட்டியே ஆட்டி அடிப்படிவையும் சேர்த்து எடுத்தால்தான் போதிய ஈஸ்ட் வரும்.

6. போத்தலில் அடைத்தல், அழுத்திப் பார்த்தல்

பிளாஸ்டிக் போத்தலைக் கொதிநீரால் கழுவினால் நெளிந்துவிடும். மருந்தகத்தில் குழந்தைகளின் பால் போத்தலுக்கு விற்கும் கிருமிநீக்கியை அதன் உறையில் சொன்ன அளவில் கரைத்து ஊறவைத்து, கொதித்தாறிய நீரால் அலசுங்கள். கழுத்தில் நான்கு விரற்கடை இடம் விட்டு ஊற்றி, இறுக மூடி, ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் நிறுத்தி வையுங்கள்.

இப்போது சீனிக் கணக்கு. ஈஸ்ட் சீனியைத் தின்று அற்ககோலையும் காபனீரொட்சைட்டையும் ஏறத்தாழச் சம எடையில் வெளிவிடுகிறது. ஒரு லீட்டர் பானத்தில் நான்கு கிராம் சீனி புளித்தால் ஏறத்தாழ ஒரு லீட்டர் வாயு உண்டாகும். நல்ல நுரைக்கு மூன்று லீட்டர் வாயு போதும். அதாவது பன்னிரண்டு கிராம் சீனி. ஆனால் நம் கலவையில் லீட்டருக்கு எண்பது கிராம் இருக்கிறது. அதன் பெரும்பகுதி இனிப்புக்காக, புளிப்பதற்காக அன்று. அத்தனையும் புளித்தால் இருபது லீட்டர் வாயு வரும். என் கண்ணாடிப் போத்தல் உடைந்தது அதனால்தான்.

அற்ககோலையும் இதே கணக்கு கட்டுப்படுத்துகிறது. மூடிய போத்தலில் மூன்று லீட்டர் வாயு சேர்ந்த அளவில் நிறுத்தினால் அற்ககோல் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாது. சிலர் போத்தல் விறைத்ததும் மூடியைச் சற்றுத் திறந்து வாயுவை வெளியேற்றிவிட்டு மறுபடி மூடி வைக்கிறார்கள். வெடிக்காமல் இருக்க இது நல்ல வழியென்று பல செய்முறைகளும் சொல்கின்றன. வெளியேறுவது வாயு மட்டும்தான், அற்ககோல் உள்ளேயே நிற்கிறது. நான்கைந்து தடவை திறந்து மூடினால் நீங்கள் அறியாமலே மதுபானம் ஒன்றைச் செய்து முடித்திருப்பீர்கள். ஆகவே திறந்து மூடாதீர்கள். விறைத்தவுடன் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள்.

எத்தனை மணித்தியாலம் என்று கேட்டால், கொழும்பில் பதினெட்டு முதல் முப்பத்தாறு வரை என்பேன். ஆனால் கடிகாரத்தை நம்பாதீர்கள். பன்னிரண்டாவது மணித்தியாலத்திலிருந்து நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை போத்தலின் நடுப்பகுதியைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். பெருவிரல் சற்றே உள்ளே போனால் பொறுங்கள். கடையில் வாங்கிய திறக்காத சோடாப் போத்தலைப் போல மறுத்து நின்றால் உடனே எடுங்கள். சந்தேகம் வராமலிருக்கத் திறக்காத சோடாப் போத்தல் ஒன்றை அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். பங்குனி, சித்திரை மாதங்களில் இரவு படுக்கைக்குப் போகுமுன் போத்தல் பாதிக்கு மேல் விறைத்திருந்தால், சற்று முன்கூட்டியே என்றாலும், குளிரில் வைத்துவிட்டுத்தான் நான் உறங்குகிறேன்.

7. குளிரூட்டலும் மின்தடையும்

திறக்குமுன் ஒரு முழு நாள் குளிரில் இருக்க வேண்டும். குளிர்ந்த திரவம்தான் வாயுவைப் பிடித்து வைக்கும். நான்கு பாகையில் இருக்கும் போத்தலை முப்பது பாகைக்குக் கொண்டுவந்தால் உள்ளே அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் உயரும். இதனால் மின்தடை நமக்குப் பெரிய ஆபத்து. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது என் பெட்டியில் ஆறு போத்தல்கள் இருந்தன. மாலைவரை கதவைத் திறக்காமல் வைத்திருந்ததால் ஒன்றுக்கும் சேதமில்லை. தடை நீண்டால் போத்தல்களைத் தொட்டியில் ஐஸ் போட்டு வையுங்கள். அதுவும் இல்லையென்றால் எல்லாவற்றையும் திறந்து அன்றே குடித்து முடியுங்கள்.

குளிரில் ஈஸ்ட் மெதுவாகும், ஆனால் நிற்காது. பத்து நாளுக்குள் முடித்துவிடுங்கள். திறக்கும்போது கழுவுதொட்டிக்கு மேல் பிடித்து, மூடியைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள்.

ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு வேண்டுமென்றால் முந்தைய ஞாயிறு சாடியைத் தொடங்கி, வியாழன் மாலை காய்ச்சி அடைத்து, வெள்ளி இரவு குளிரில் வைக்கும் கணக்கு எனக்குத் தவறியதில்லை.

8. குறிப்பேடும் ஒட்டுத்தாளும்

ஒவ்வொரு தடவையும் நாள், சீனியின் எடை, ஈஸ்ட் ஊற்றியபோது இருந்த வெப்பநிலை, அடைத்த நேரம், விறைத்த நேரம் ஆகிய ஐந்தையும் எழுதி வையுங்கள். மூன்றாவது தடவைக்குள் உங்கள் வீட்டுக்கான நேரம் உங்களுக்கே தெரிந்துவிடும். கடற்பக்கம் பார்த்த என் வீட்டில் இருபத்திரண்டு மணித்தியாலம் எடுப்பது, தகரக் கூரையுள்ள என் தங்கை வீட்டில் பதினாறே எடுக்கிறது.

யாருக்கும் கொடுக்குமுன் போத்தலில் அடைத்த திகதியையும், குளிரில் வைக்க வேண்டும் என்பதையும், ஈஸ்ட் கொண்டு புளிக்கவைத்ததால் சிறிதளவு அற்ககோல் உண்டு என்பதையும் எழுதி ஒட்டுங்கள். எங்கள் மாடியில் முஸ்லிம் குடும்பங்கள் இரண்டு இருக்கின்றன. அவர்களுக்கு ஈஸ்ட் சேர்க்காமல் இஞ்சியும் தேசிக்காயும் காய்ச்சிய சாற்றைச் சோடாவில் கலந்து தனியாகக் கொடுக்கிறேன். சொல்லாமல் கொடுப்பது நம்பிக்கைத் துரோகம். கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் இது வேண்டாம். நீரிழிவு உள்ளவர்களிடம் ஒரு கோப்பையில் ஏறத்தாழ நான்கு தேக்கரண்டி சீனி எஞ்சியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

9. ஈஸ்டைத் தொடர்ந்து பேணுதல்

சாடியில் எஞ்சியதைக் கொட்டாதீர்கள். எடுத்த அளவுக்கு ஆறிய நீர் ஊற்றி, இஞ்சியும் சீனியும் கொடுத்தால் மறுநாளே மறுபடி எழும்பும். துருவல் கூடிவிட்டால் பழையதில் பாதியை வடித்து அகற்றுங்கள். தினமும் பார்க்க நேரமில்லாதவர்கள் சாடியைத் தளர்வாக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, கிழமைக்கு ஒரு தடவை ஒரு மேசைக்கரண்டி சீனியும் ஒரு மேசைக்கரண்டி இஞ்சியும் போட்டால் போதும். உறைநிலைப் பகுதியில் வைத்தால் ஈஸ்டில் பெரும்பகுதி இறந்துவிடும்.

திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போய் இரண்டு கிழமை தங்கிவிட்டு வந்தபோது என் சாடி அசைவற்றுக் கிடந்தது. வெளியே எடுத்து, மேல்நீரில் பாதியை ஊற்றிவிட்டு, புதிய நீரும் இரட்டிப்புச் சீனியும் கொடுத்தேன். இரண்டாம் நாள் மாலை துருவல் மேலே எழும்பியது. அதன் பின்னும் ஐந்தாம் படியில் சொன்ன பரீட்சையைச் செய்து, போத்தல் விறைத்ததைக் கையால் உணர்ந்த பிறகே இஞ்சி வாங்கக் கடைக்குப் போனேன்.